கெப்பாசிட்டர் உடனே வெடிக்காது, நாம குனிஞ்சு பாக்குற வரைக்கும் பொறுத்திருக்கும்

எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்கா வச்சிருக்குற யாரை வேணா கேட்டுப் பாருங்க, கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேமிச்சு வச்சுக்குற பாகம்) வெடிச்ச கதை ஒண்ணு கண்டிப்பா கையில வச்சிருப்பாங்க. எல்லாக் கதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போகும்: ஆன் பண்ணேன், நல்லாத்தான் ஓடுச்சு, ஏதோ சரியில்லையேன்னு கிட்டப் போயி பாத்தேன், டப்! இதுல அந்த "கிட்டப் போயி பாத்தேன்"ங்கற இடம்தான் எனக்கு எப்பவும் சுவாரசியம். ரெசிஸ்டர் கருகுனா கண்ணு முன்னாடியே புகையும், ஐசி போனா பெரும்பாலும் சத்தமே இல்லாம போயிரும், டிரான்சிஸ்டருக்கு கண்ணிமைக்கிற நேரம் போதும். கெப்பாசிட்டர் மட்டும் நாம தப்பு பண்ண நேரத்துக்கும் சத்தம் வர்ற நேரத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி விடும். சில சமயம் பத்து நொடி, சில சமயம் பத்து நிமிஷம், சில வகையில இருபது முப்பது வருஷம்கூட. அந்த இடைவெளி எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுட்டா இந்த விபத்துங்கள்ல முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி.

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன், இல்லைன்னா பெரிய மேதாவி மாதிரி பேசுறதா நினைப்பீங்க. ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குற ஐசி) வச்சு ஒரு ஆடியோ சர்க்யூட் பண்றதுக்காக பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் குடுக்குற பவர் சப்ளை ஒண்ணு கட்டுனேன், நடுவுல கிரவுண்டு (ஜீரோ வோல்ட்), ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர். போர்டு பாக்க அழகா இருக்கணும்னு ரெண்டையும் ஒரே திசையில திருப்பி, மைனஸ் காலைக் காட்டுற கோடு ரெண்டும் இடது பக்கமே தெரியுற மாதிரி சால்டர் பண்ணிட்டேன். ஆன் பண்ணா ரெண்டு எல்இடியும் எரிஞ்சுது. மீட்டர் வச்சா பிளஸ் பக்கம் சரியா 15, மைனஸ் பக்கம் 13 சொச்சம் காட்டுச்சு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. ரெகுலேட்டர்ல (வோல்ட்டேஜை ஒரே அளவுல நிறுத்துற ஐசி) பிரச்சனைன்னு முடிவு பண்ணி அதை மாத்தலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு, எதுக்கும் எது சூடாகுதுன்னு பாப்போம்னு விரலைக் கொண்டு போறேன், மைனஸ் பக்க கெப்பாசிட்டர் கை வைக்க முடியாத சூட்டுல இருக்கு. கையை எடுத்து ஒரு நொடி ஆகல, புஸ்ஸ்ஸுன்னு மேல் மூடி கிழிஞ்சு வெள்ளையா ஒரு ஆவி, மீன் நாத்தமும் கருகுன காகித நாத்தமும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, மூக்குக்கண்ணாடி பூரா பழுப்பு நிறத்துல பொடிப்பொடியா புள்ளி. கண்ணாடி போட்டிருந்தது பாதுகாப்புக்காக எல்லாம் இல்ல, எனக்கு கிட்டப்பார்வை, அவ்வளவுதான்.

அப்புறம் எனக்கு சால்டரிங் கத்துக்குடுத்த அண்ணன்கிட்ட போர்டைக் காட்டுனேன். ஒரு தடவை திருப்பிப் பாத்துட்டு, "ஏன்டா, கெப்பாசிட்டரை எல்லாம் அணிவகுப்புல நிக்கிற மாதிரி ஒரே பக்கமா நிறுத்தி வச்சிருக்க"ன்னாரு. "பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்ணா"ன்னேன். "மைனஸ் பதினஞ்சைவிட ஜீரோ பெருசா சின்னதாடா?"ன்னு கேட்டாரு, அங்கயே புரிஞ்சு போச்சு. மைனஸ் ரெயில்ல, அதாவது மைனஸ் 15 லைன்ல, கிரவுண்டுதான் உசந்த பக்கம், அதனால அந்தப் பக்க கெப்பாசிட்டரோட பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போகணும். கிரவுண்டுன்னாலே மைனஸ்னு மனசுல பதிஞ்சு போனவங்க எல்லாருக்கும் இந்தக் குழி காத்துட்டிருக்கு.

இதுல என்னை மாதிரி கத்துக்குட்டிங்க மட்டும் விழுறதில்ல. 1993-ல வந்த ஆப்பிளோட மேகின்டோஷ் எல்சி 3 மாடல்ல மைனஸ் 5 வோல்ட் லைன்ல இருக்குற ஒரு கெப்பாசிட்டர் ஃபேக்டரியிலயே தலைகீழா போட்டு வந்திருக்கு, போர்டுல அச்சடிச்சிருக்குற பிளஸ் குறியே தப்பு. 16 வோல்ட் கெப்பாசிட்டர்ங்கறதாலயும் தலைகீழா விழுந்தது வெறும் 5 வோல்ட்ங்கறதாலயும் அது பாட்டுக்கு பல்லைக் கடிச்சுட்டு வருஷக்கணக்கா ஓடியிருக்கு. வினை எப்ப வந்துச்சுன்னா, பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கிற ஆர்வலருங்க பழைய கெப்பாசிட்டரை எல்லாம் எடுத்துட்டு, போர்டுல இருக்குற குறியை அப்படியே நம்பி புதுசு போட்டப்பதான், அதுவும் தலைகீழ் வோல்ட்டேஜை துளிகூட தாங்காத டான்டலம் வகையைப் போட்டவங்களுக்கு. குறியைப் பாத்து கரெக்ட்டா போட்டவனுக்குத்தான் அங்க ஆபத்து!

சரி, உள்ள என்ன நடக்குது? நாம சாதாரணமா பாக்குற டப்பா வடிவ அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக்கைப் பிரிச்சா உள்ள ரெண்டு அலுமினியத் தகடு, நடுவுல காகிதம், எல்லாத்தையும் சேர்த்து சுருட்டி எலக்ட்ரோலைட்ங்கற ஒரு திரவத்துல ஊற வச்சிருப்பாங்க. நிறைய பேரு அந்தக் காகிதம்தான் மின்சாரத்தைத் தடுக்குற படலம்னு நினைச்சுட்டிருக்காங்க, இல்ல. பிளஸ் தகடு மேல மின்வேதியியல் முறையில வளர்த்து விட்ட அலுமினியம் ஆக்ஸைடு படலம்தான் அந்த வேலையைப் பாக்குது. அதோட தடிமன் ஒரு வோல்ட்டுக்கு சுமார் 1.4 நானோமீட்டர்தான், அப்படின்னா 25 வோல்ட் கெப்பாசிட்டர்ல தலைமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கைத் தொடுறதே பெருசு. காகிதம் ரெண்டு தகடும் ஒண்ணையொண்ணு தொட்டுடாம பாத்துக்கறதுக்கும் திரவத்தை உறிஞ்சி வச்சுக்கறதுக்கும். அந்தத் திரவம்தான் உண்மையான மைனஸ் முனை, ரெண்டாவது தகடு திரவத்துக்குப் போற ஒரு கனெக்‌ஷன், அவ்வளவே. போலந்தைச் சேர்ந்த கரோல் போலாக் 1890-கள்ல இதுக்கு காப்புரிமை வாங்குனாரு, அடிப்படை யோசனை இன்னிக்கும் அதேதான்.

அந்த ஆக்ஸைடுக்கு ஒரு குணம் உண்டு. சரியான திசையில வோல்ட்டேஜ் இருக்குற வரைக்கும் தடுக்கும், சின்ன ஓட்டை எங்கயாவது விழுந்தா திரவத்துல இருந்து ஆக்ஸிஜனை எடுத்து தானே அடைச்சுக்கும். திசையை மாத்துனா கதவைத் திறந்து விட்டுரும். அலுமினியம், டான்டலம், நியோபியம் மாதிரி உலோகங்களுக்கு வால்வு மெட்டல்னு பேரு வந்ததே இந்த ஒருவழிப் பாதை குணத்தாலதான். மைனஸ் தகடு மேலயும் காத்துல தானா உண்டான ஒரு மெல்லிய ஆக்ஸைடு இருக்கும், அது தலைகீழா ஒரு வோல்ட், மிஞ்சிப் போனா ஒன்றரை வோல்ட் தாங்கும். அதுக்கு மேல போனா கரன்ட் ஓட ஆரம்பிக்கும், ஓடுற கரன்ட்டால சூடாகும், திரவம் சிதைஞ்சு ஹைட்ரஜன் வாயு உண்டாகும், சூடு ஏற ஏற லீக்கேஜ் கரன்ட் (படலத்தைத் தாண்டி கசியுற கரன்ட்) இன்னும் ஏறும், அதனால இன்னும் சூடு. ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கி விட்டுட்டே போகும்.

நான் சொன்ன இடைவெளி இதுதான். டப்பா மூடியிருக்கு, உள்ள வாயு சேர்ந்துட்டே இருக்கு, வெளிய பாக்குறவனுக்கு எதுவும் தெரியாது. சர்க்யூட் ஓடக்கூட செய்யும். கொஞ்சமா வோல்ட்டேஜ் இறங்கும், ஏதோ ஒண்ணு சூடாகும், நம்ம ஆளு என்னடா இதுன்னு குனிஞ்சு பாப்பான். பிரஷர் குக்கரை அடுப்புல வச்சுட்டு விசில் ஏன் இன்னும் வரலன்னு மூடிகிட்ட காதைக் கொண்டு போற மாதிரி.

இங்க ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லணும். கெப்பாசிட்டர் வெடிக்கிறது அதுக்குள்ள சேமிச்சு வச்சிருக்குற மின்சாரத்தாலன்னு பலரும் நினைக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: சேமிப்பு ஆற்றல்ங்கறது கெப்பாசிட்டன்ஸை வோல்ட்டேஜோட வர்க்கத்தால பெருக்கி அதுல பாதி. 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்டுக்கு 0.31 ஜூல்தான் வரும். இதை வச்சு ஒரு அலுமினிய டப்பாவைக் கிழிக்க முடியாது. கிழிக்கிற ஆற்றல் பவர் சப்ளையில இருந்து வருது, ஒவ்வொரு நொடியும் புதுசு புதுசா. அதனாலதான் சப்ளையோட கரன்ட்டை ஆரம்பத்துலயே கட்டுப்படுத்திட்டா பாதிப் பிரச்சனை அடங்கிடும், அதுக்குக் கடைசியில வர்றேன்.

டப்பாவோட தலையைப் பாத்திருப்பீங்க, பெருக்கல் குறி மாதிரியோ, இங்கிலீஷ் கே எழுத்து மாதிரியோ, டி மாதிரியோ கோடு போட்டிருக்கும். அது அலங்காரம் கிடையாது, கம்பெனி லோகோவும் கிடையாது (நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்). அந்தக் கோடு வழியா உலோகத்தை வேணும்னே மெலிசாக்கி வச்சிருக்காங்க, உள்ள அழுத்தம் ஏறுனா முதல்ல அங்க கிழியட்டும்னு. அப்படிக் கிழிஞ்சா டப்பா ராக்கெட்டா பறக்காது, ஆவி மேல போயிரும். என் மூஞ்சிக்கு நேரா புஸ்ஸுன்னு வந்தது உண்மையில அந்த ஏற்பாடு ஒழுங்கா வேலை செஞ்சதோட அடையாளம். பெரிய சத்தத்தோட டப்பா பறந்து உட்கூரையில அடிச்ச கதைகளை விசாரிச்சா, ஒண்ணு அந்தக் கோடே இல்லாத பொடி சைஸ் கெப்பாசிட்டரா இருக்கும், இல்ல அழுத்தம் கிழியுற வேகத்தைவிட வேகமா ஏறியிருக்கும். சின்ன சைஸ்ல கோடு போட மாட்டாங்க, அதுல அடியில இருக்குற ரப்பர் அடைப்பான்தான் முதல்ல விட்டுக்குடுக்கும், அலுமினிய டப்பா துப்பாக்கிக் குண்டு மாதிரி மேல போகும், போர்டுல ரெண்டு காலும் சுருட்டுன காகிதமும் மட்டும் பரிதாபமா நிக்கும்.

கிழியுறதுக்கு மேல இடம் வேணும்ங்கறதை யாரும் யோசிக்கிறதில்ல. 6.3 மில்லிமீட்டர்ல இருந்து 16 வரைக்கும் விட்டம் உள்ளதுக்கு தலைக்கு மேல குறைஞ்சது 2 மில்லிமீட்டர், 18-ல இருந்து 35 வரைக்கும் 3, 40-க்கு மேல போனா 5 மில்லிமீட்டர் காலியா விடணும்னு தயாரிப்பாளருங்க டேட்டா ஷீட்ல போட்டிருப்பாங்க. ஆடாம இருக்கட்டும்னு தலை மேல ஹாட் க்ளூவை ஒரு கட்டி ஊத்தி வைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். பாதுகாப்பு வால்வை அடைச்சுட்டு அடுப்பை ஏத்துற வேலை அது.

தலைகீழா போடுறதுக்கு அடுத்து அதிகமா நடக்குறது வோல்ட்டேஜ் கணக்குல ஏமாறுறது. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 16 வோல்ட் கெப்பாசிட்டர், 4 வோல்ட் மிச்சம் இருக்கே, போதாதான்னு தோணும். டிரான்ஸ்ஃபார்மர் மேல போட்டிருக்குற 12, ஏசியோட சராசரி மதிப்பு மாதிரி ஒண்ணு, உச்சி அது இல்ல. ஏசியை டிசியா மாத்துற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் தாண்டி கெப்பாசிட்டர் நிரம்புறது உச்சி வரைக்கும். 12-ஐ 1.414-ஆல பெருக்குனா 17, ரெண்டு டையோடுக்கு 1.4 கழிச்சா பதினஞ்சரை சொச்சம். ஹப்பாடா 16-க்குள்ளதான் இருக்குன்னு நிம்மதி ஆகாதீங்க, ஏன்னா அந்த 12 ங்கறது முழு லோடு இழுக்கும்போது வர்ற மதிப்பு. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்ல லோடே இல்லைன்னா 20 சதவீதம் ஏறி நிக்கிறது சகஜம், அப்ப 14.4, அதோட உச்சி 20-க்கு மேல, டையோடு கழிச்சு 19 வோல்ட். 16 வோல்ட் கெப்பாசிட்டருக்கு கொஞ்ச நேரம் தாங்கக்கூடிய சர்ஜ் மதிப்புன்னு ஒண்ணு குடுத்திருப்பாங்க, அது 15 சதவீதம் கூட, 18.4 வோல்ட். ஆக 19 அதையும் தாண்டிருச்சு.

இதுல விஷமம் என்னன்னா ஆம்ப்ளிஃபயர் ஓடிட்டிருக்குற வரைக்கும் லோடு இருக்கும், வோல்ட்டேஜ் அடங்கி இருக்கும், கெப்பாசிட்டரும் சமாளிச்சுக்கும். என்னிக்காவது ஒரு நாள் ரிப்பேருக்காக ஆம்ப் போர்டைக் கழட்டிட்டு சப்ளையை மட்டும் தனியா ஆன் பண்ணி வச்சுட்டு மீட்டரைத் தேடப் போவோம் பாருங்க, அன்னிக்கு வெடிக்கும். ஆறு மாசம் ஓடுன சாமான் நேத்து வெடிச்சுருச்சு, கெப்பாசிட்டர் டூப்ளிகேட்டா இருக்கும்னு நாமளே முடிவு கட்டிருவோம். டூப்ளிகேட்டும் இருக்குதான், இல்லைன்னு சொல்லல, பெரிய டப்பாவைப் பிரிச்சா உள்ள அதைவிட சின்ன கெப்பாசிட்டர் ஒண்ணு ஒளிஞ்சிருக்குற கூத்தெல்லாம் நடக்குது. ஆனா பழியை அது மேல போடுறதுக்கு முன்னாடி கணக்கை ஒருக்கா போட்டுப் பாத்துடணும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 25 வோல்ட் போடுங்க, மனசு கேக்கலைன்னா 35.

நெகட்டிவ் ரெகுலேட்டர்ல இன்னொரு குழி. பிளஸ் 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805-ஓட கால் வரிசை இன்புட், கிரவுண்டு, அவுட்புட். அதே உருவத்துல இருக்குற மைனஸ் 5 வோல்ட் 7905-க்கு கிரவுண்டு, இன்புட், அவுட்புட். அண்ணன் தம்பி மாதிரி இருக்கேன்னு நம்பி அதே வரிசையில சொருகுனா சுத்தி இருக்குற கெப்பாசிட்டருங்கதான் அவதிப்படும்.

குறிகளைப் பத்திப் பேசியே ஆகணும், ஏன்னா இந்தத் துறையில இதைவிட குழப்படி வேற எதுவும் இல்ல. அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக்ல பட்டை அடிச்ச பக்கம் மைனஸ். போர்டு மேல ஒட்டுற எஸ்எம்டி அலுமினிய டப்பாவுலயும் தலையில கருப்பு அடிச்ச பக்கம் மைனஸ். இதே எஸ்எம்டி-ல மஞ்சளாவோ கருப்பாவோ செங்கல் மாதிரி இருக்குற டான்டலத்துல பட்டை இருக்குற பக்கம் பிளஸ்! டையோடுல பட்டை இருக்குறது கேத்தோடு (மைனஸ் பக்கம்). போதாக்குறைக்கு போர்டுல வட்டத்துல பாதிக்கு வெள்ளை அடிச்சிருப்பாங்களே, பெரும்பாலும் அது மைனஸ், ஆனா சில மதர்போர்டுல அதுதான் பிளஸ். இவ்வளவையும் ஞாபகம் வச்சுக்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல சால்டர் பண்ணுவோம், அப்புறம் வெடிக்காம என்ன பண்ணும்.

டான்டலம் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அது இடைவெளியே விடாத ஜாதி. உள்ள திரவம் கிடையாது. டான்டலம் பொடியை இறுக்கி, சூடாக்கி, கடற்பஞ்சு மாதிரி துளை துளையா ஒரு கட்டி பண்ணி, அது மேல ஆக்ஸைடு வளர்த்து, அதுக்கு மேல மாங்கனீஸ் டை ஆக்ஸைடு பூசியிருப்பாங்க, இதுதான் மைனஸ் முனை. எங்கயாவது ஒரு புள்ளியில ஆக்ஸைடு உடைஞ்சா அந்த இடம் சூடாகி மாங்கனீஸ் டை ஆக்ஸைடு தன்கிட்ட இருக்குற ஆக்ஸிஜனைக் கொஞ்சம் விட்டுட்டு, கரன்ட்டை அவ்வளவா விடாத வேற ஒரு ஆக்ஸைடா மாறிடும், ஓட்டை அடைபட்டுரும். ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனா அந்த நேரத்துல சப்ளை தாராளமா கரன்ட்டைக் கொட்டுச்சுன்னா அடைக்கிறதுக்குள்ள சூடு பரவிடும், பக்கத்துலயே எரியக்கூடிய டான்டலம் உலோகம், பக்கத்துலயே ஆக்ஸிஜன் சப்ளை, இது போதாதா? புஸ்ஸுன்னு ஆவி எல்லாம் வராது, நெருப்பே வரும், ஆரஞ்சு நிறத்துல சின்னதா ஒரு ஜுவாலை, போர்டு கரிக்கட்டை ஆகி ஒரு குழி. தீக்குச்சிக்குள்ளயே எரியுறதுக்கும் ஆக்ஸிஜனுக்கும் சேர்த்து மருந்து வச்சிருக்காங்கள்ல, கிட்டத்தட்ட அதே கதை. அதனாலதான் பவர் லைன்ல போடுற டான்டலத்துக்கு அது மேல எழுதியிருக்குற வோல்ட்டேஜ்ல பாதிக்கு மேல குடுக்காதேன்னு சொல்றது. 5 வோல்ட்டுக்கு 10 வோல்ட் டான்டலம், 12-க்கு 25. மைனஸ் முனைக்கு மாங்கனீஸுக்குப் பதிலா பாலிமர் போட்ட வகைகள்ல அந்த ஆக்ஸிஜன் சப்ளை இல்ல, அதனால பத்திக்கிற குணம் ரொம்பவே கம்மி.

இப்ப வருஷக்கணக்குல இடைவெளி விடுற வகைகளுக்கு வருவோம். 1999 வாக்குல இருந்து 2007 வரைக்கும் வந்த கம்ப்யூட்டர் மதர்போர்டு, மானிட்டர், பவர் சப்ளைன்னு எதைத் திறந்தாலும் கெப்பாசிட்டர் தலை உப்பி, பழுப்பா பிசின் மாதிரி ஒழுகி நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. கெப்பாசிட்டர் பிளேக்னே அதுக்குப் பேரு. யாரும் தலைகீழா போடல, வோல்ட்டேஜ் ஏத்தல. ஈ.எஸ்.ஆர். (கெப்பாசிட்டருக்குள்ளயே இருக்குற மின்தடை) கம்மியா வரணும்னு தண்ணி அதிகமா கலந்த எலக்ட்ரோலைட்டைப் பயன்படுத்துனாங்க. தண்ணியும் அலுமினியமும் ஒண்ணா இருந்தா சும்மா இருக்காது, ஹைட்ராக்ஸைடும் ஹைட்ரஜனும் உண்டாகிட்டே இருக்கும், அதை அடக்கி வைக்கத் தேவையான வேதிப்பொருள்கள் அந்த மட்டமான கலவையில சரியா இல்ல. யாரோ ஃபார்முலாவைத் திருடுனாங்க, பாதியை விட்டுட்டாங்கங்கற கதை 2002, 2003-ல பத்திரிகைகள்ல வந்து ரொம்பப் பிரபலமாச்சு. எனக்கு அந்தத் துப்பறியும் கதையைவிட அதனால வந்த பக்கவிளைவுதான் பிடிக்கும்: ஒரு தலைமுறை ஆளுங்க செத்துப்போன மதர்போர்டை உயிர்ப்பிக்கிறதுக்காகவே சால்டரிங் கத்துக்கிட்டாங்க. அதுல சிலரு கத்துக்கிட்ட அன்னிக்கே தலைகீழா ஒண்ணைப் போட்டு வெடிக்கவும் வச்சாங்க.

நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுசு உண்டு. டப்பா மேல 105 டிகிரி, டேட்டா ஷீட்ல 2000 மணி நேரம்னு இருக்கும். 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ரெட்டிப்பாகும்ங்கறது தோராய விதி, அப்ப 65 டிகிரியில 32,000 மணி நேரம், நிறுத்தாம ஓடுனா மூணரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. இப்படி வயசாகி சாகுறது பெரும்பாலும் அமைதியான சாவுதான், காஞ்சு போயி வேலை செய்யாம நின்னுடும், சத்தம் வராது.

ரொம்ப வருஷம் சும்மா கிடந்த சாமான் வேற கதை. வோல்ட்டேஜே இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா அந்த ஆக்ஸைடு படலம் அங்கங்க பலவீனமாகிடும், தன்னை அடைச்சுக்க அதுக்கு சரியான திசையில வோல்ட்டேஜ் வேணுமே. பரண்ல கிடந்த வால்வு ரேடியோவை எடுத்து தூசி தட்டி நேரா பிளக்கைச் சொருகுனா முழு வோல்ட்டேஜும் பலவீனமான படலத்து மேல விழும், லீக்கேஜ் எகிறும், பத்து நிமிஷம் பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது படார். அதுக்குத்தான் ரீஃபார்மிங்: ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கொஞ்சமா வோல்ட்டேஜ் ஏத்தி, லீக்கேஜ் இறங்குறதைப் பாத்துப் பாத்து, மணிக்கணக்கா பொறுமையா பண்றது. பொறுமை இல்லைன்னா பேசாம புதுசு போட்டுருங்க.

பழைய கம்ப்யூட்டர் ஆர்வலருங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இன்னொண்ணு, மெயின்ஸுக்கு (வீட்டு கரன்ட் லைன்) குறுக்க இன்டர்ஃபியரன்ஸை வடிகட்டுறதுக்காகப் போட்டிருக்குற காகித வகை எக்ஸ் கெப்பாசிட்டர். உள்ள தெரியுற மாதிரி மஞ்சளான கண்ணாடி மாதிரி உறை, நாளாக ஆக அதுல மெல்லிசா வெடிப்பு விழும், வெடிப்பு வழியா காத்துல இருக்குற ஈரம் காகிதத்துல இறங்கும். 1981-ல வந்த பிபிசி மைக்ரோ மாதிரி மெஷினுங்க இதுக்குப் பேர் போனது. முப்பது நாப்பது வருஷம் கழிச்சு ஆசையா ஆன் பண்ணி, பழைய ஞாபகத்துல ரெண்டு வரி புரோகிராம் அடிச்சுட்டு இருக்கும்போது பின்னாடி இருந்து பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், ரூம் பூரா புகை, ஒரு வாரத்துக்குப் போகாத நாத்தம். வேடிக்கை என்னன்னா பல நேரம் கம்ப்யூட்டர் நிக்காம ஓடிட்டே இருக்கும், ஏன்னா அந்தக் கெப்பாசிட்டர் வெறும் வடிகட்டிதான். அதே மதிப்புல பிலிம் வகை எக்ஸ் 2 கெப்பாசிட்டர் போட்டுட்டா தீர்ந்துச்சு.

வெடிச்சா என்ன ஆபத்து? முதல் ஆபத்து கண்ணுக்கு, ரெண்டாவதும் மூணாவதும் கண்ணுக்குத்தான். சூடான திரவமும் அலுமினியத் துணுக்கும் நேரா மேல வரும், குனிஞ்ச மூஞ்சி அங்கதான் இருக்கும். தோல்ல பட்டா கழுவிடலாம், எரிச்சல் இருக்கும். கண்ணுல பட்டா தண்ணியை ஊத்திக் கழுவிட்டே இருந்துட்டு டாக்டர்கிட்ட ஓடணும், வேற யோசனை கிடையாது. வெள்ளையா வர்றது பெரும்பாலும் புகை இல்ல, எலக்ட்ரோலைட் ஆவி, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வெளிய போயிரணும். அப்புறம் யாரும் கவனிக்காத ஒண்ணு: சிதறுன துணுக்குல அலுமினியத் தகடு இருக்கு, அது கரன்ட்டைக் கடத்தும். புது கெப்பாசிட்டர் போட்டு ஆன் பண்ணதும் வேற ஏதோ ஒண்ணு புகையுதேன்னு முழிக்கிறவங்க, ஐசி காலுக்கு நடுவுல மாட்டியிருக்குற அந்த வெள்ளித் துணுக்கைத் தேடிப் பாக்கணும். எலக்ட்ரோலைட் பட்ட இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் வச்சுத் துடைக்கலைன்னா அது மெல்ல செப்புக் கோட்டை அரிக்கும். சும்மா வீடியோவுக்காக கெப்பாசிட்டரை மெயின்ஸ்ல நேரா சொருகுறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்ல.

நான் இப்ப என்ன பண்றேன்னா, புது சர்க்யூட்டுக்கு பெஞ்ச் சப்ளையில கரன்ட் லிமிட்டை 50 மில்லிஆம்ப்ல வச்சுட்டுத்தான் ஆன் பண்றது. 12 வோல்ட்ல 50 மில்லிஆம்ப்னா அதிகபட்சம் 0.6 வாட், தலைகீழா ஒரு கெப்பாசிட்டர் இருந்தாகூட லேசா சூடாகும், லிமிட் லைட் எரிஞ்சு காட்டிக்குடுத்துரும். பெரிய கெப்பாசிட்டர் நிரம்புறப்ப அந்த லைட் ஒரு கணம் மின்னும், அது சரி, ஆனா அணையாம நின்னா உடனே ஆஃப். மெயின்ஸ் சாமானா இருந்தா சீரிஸ் லேம்ப் (சாமானோட தொடரா மாட்டுற பல்பு), பழைய இழை பல்புதான், எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. ஆன் பண்ணதும் பல்பு ஒரு வெட்டு வெட்டிட்டு மங்குனா நல்லது, பளிச்சுன்னு எரிஞ்சுட்டே இருந்தா உள்ள ஏதோ ஷார்ட். அப்புறம் அந்த முதல் அஞ்சு நிமிஷம் போர்டுகிட்ட போறதே இல்ல, தள்ளி உட்கார்ந்து மீட்டரை மட்டும் பாக்குறது. சந்தேகமா இருக்குற இடத்துல கெப்பாசிட்டரைப் போடாம விட்டுட்டு, ஆன் பண்ணி, அந்த ரெண்டு ஓட்டையிலயும் மீட்டர் வச்சு எது பிளஸ்னு அளந்துட்டு, ஆஃப் பண்ணிட்டு அப்புறம் போடுறது. போர்டுல அச்சடிச்ச குறி பொய் சொல்லலாம், மீட்டர் சொல்லாது.

வெடிக்காத கெப்பாசிட்டரும் அடிக்கும்ங்கறதை விட்டுறக் கூடாது. மேல சொன்ன 0.31 ஜூல் ஒண்ணும் பண்ணாது, ஆனா எஸ்எம்பிஎஸ்-ல (கம்ப்யூட்டர்ல வர்ற மாதிரி பவர் சப்ளை) மெயின்ஸை நேரா ரெக்டிஃபை பண்ணி நிக்கிற 325 வோல்ட், 220 மைக்ரோஃபாரட்ல இருக்குறது 11.6 ஜூல், நெஞ்சு உயரத்துல இருந்து ஒரு கிலோ கல்லைக் கால்ல போடுற அளவு ஆற்றல், அது விரல் வழியா ஒரு நொடிக்குள்ள இறங்கும். ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்றவங்க டெர்மினலையும் கெடுத்து டிரைவர் முனையையும் கெடுத்து, உருகுன உலோகப் பொறியையும் வாங்கிக் கட்டிக்கிறாங்க. ஒரு 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிடப்பட்ட கிளிப்ல மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுட்டு, அந்த ரெண்டு காலுக்கும் குறுக்க வச்சா பதினொரு நொடியில ஒரு சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும். இறங்கிருச்சான்னு மீட்டர்ல பாக்கணும், அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவையும் பாக்கணும். ஏன்னா எலக்ட்ரோலிட்டிக் முழுசா காலியான மாதிரி காட்டிட்டு, படலத்துக்குள்ள ஊறி நின்ன சார்ஜ் மெல்ல வெளிய வந்து பழைய வோல்ட்டேஜ்ல பத்து சதவீதம் வரைக்கும் தானா ஏறி நிக்கும். டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன்னு பேரு, 325-க்கு அது 30 வோல்ட், கையை உதறுறதுக்குப் போதும்.

இதுக்காகவே பெரிய ஹை வோல்ட்டேஜ் கெப்பாசிட்டர் எல்லாம் வரும்போதே ரெண்டு டெர்மினலுக்கும் குறுக்க ஒரு கம்பியைச் சுத்தி அனுப்புவாங்க, அலமாரியில கிடக்கும்போதுகூட சார்ஜ் ஏறி நிக்கக் கூடாதுன்னு. எனக்கு முதல் தடவை அப்படி ஒண்ணு வந்தப்ப, பேக்கிங் கம்பி போலன்னு நினைச்சு முதல் வேலையா அதைக் கழட்டிக் குப்பையில போட்டேன்.